"குறுக்க வந்துட்டாருங்க": சைக்கிள்காரர் அடிபட்ட பிறகு மதுரையில் என்ன நடக்கிறது

மதுரையில் சைக்கிளில் போகிற ஒருவர் காரிலோ லாரியிலோ அடிபட்டால், அந்த இடத்தில் முதலில் கேட்கும் பேச்சு அநேகமாக ஒன்றுதான்: "திடீர்னு குறுக்க வந்துட்டாருங்க." ஓட்டுநர் சொல்வார். கூட்டத்தில் ரெண்டு பேர் தலையாட்டுவார்கள். அடிபட்டவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அதுவே நடந்த கதையாகிவிடும். எதிர்க் கதை சொல்ல வேண்டியவர் மயக்கத்தில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்க மாட்டார்.

அந்த ஒரு பேச்சு ரோட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து கோர்ட்டுக்கும் எப்படிப் போகிறது, போகிற வழியில் ஓட்டுநரின் பொறுப்பு எங்கே கழன்று விழுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று பார்ப்போம். கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாம் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. மிஞ்சியிருப்பவர்கள் இரவுக் காவலுக்குப் போகும் பெரியவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், கேனில் டீ விற்பவர்கள், கீரைக்கட்டு கொண்டுவருபவர்கள், அப்புறம் பள்ளிப் பிள்ளைகள். அரசு தரும் இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் வருகிறது. கிராமத்துப் பெண் பிள்ளை படிப்பை நிறுத்தாமல் இருக்க அந்த சைக்கிள் எவ்வளவு உதவியிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதை எந்த ரோட்டில் ஓட்டுவது என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. இவர்கள் தவிர, விடியற்காலையில் அழகர்கோவில் ரோட்டில் ஹெல்மெட் மாட்டி, பின்னால் சிவப்பு விளக்கு மினுக்க, கியர் சைக்கிளில் போகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அடிபட்டால் நண்பர்கள் வருவார்கள், வக்கீல் வருவார், செய்தி வரும். காவலாளி அடிபட்டால் வீட்டுக்குத் தகவல் போவதே தாமதம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சைக்கிளில் போனவர்கள் 4,800 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 64,105 விபத்துகள், நாட்டிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். சைக்கிள்காரர்கள் பங்கு மூன்று சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் சைக்கிள் மோதி லாரிக்காரர் செத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆபத்து ஒரு பக்கமிருந்து மட்டும் வருகிறது. பொறுப்பும் அதே கணக்கில் கூடக்குறைய இருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

இப்போது ரோட்டின் இடது ஓரத்துக்குக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டு, ரோட்டு விளிம்புக்கும் பக்கத்து மண்ணுக்கும் நாலு விரல் உயரம் இறக்கம் இருக்கும். விளிம்பில் மணல் சேர்ந்திருக்கும். சைக்கிளின் ஒல்லி டயர் அந்த மணலில் வழுக்கும், இறக்கத்தில் இறங்கினால் திரும்ப ஏறாது. கொஞ்ச தூரத்தில் ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும். அதற்கடுத்து ஒரு கார், அதன் கதவு எந்த நேரமும் திறக்கலாம். சைக்கிள்காரர் இத்தனையையும் பார்த்துக்கொண்டே வருகிறார். ஆட்டோவைத் தாண்ட வலது பக்கம் ஒரு கஜம் விலகித்தான் ஆக வேண்டும். ஒரு கையை விட்டுத் திரும்பிப் பார்க்க, பின் கேரியரில் சித்தாள் சட்டியோ டீ கேனோ இருந்தால் முடியாது. அவர் விலகுகிறார். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அதுதான் "குறுக்கே வருவது".

எதிர்த்திசையில் சைக்கிள் ஓட்டுவதும் அப்படித்தான். ரிங் ரோட்டிலும், சமயநல்லூரிலிருந்து துவரிமான் வழியாகக் கப்பலூர் வரும் நான்குவழிச்சாலையிலும் "ராங் சைடுல வர்றாங்க" என்பது ஓட்டுநர்களின் பெரிய குறை. நியாயமான குறை, ஆபத்தானதும்கூட. ஆனால் அவர் ஏன் அப்படி வருகிறார் என்று அவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அவருடைய தோட்டமோ வேலை இடமோ அதே பக்கத்தில் அரை கிலோமீட்டரில் இருக்கிறது. சட்டப்படி போக வேண்டுமென்றால் நடுத்தடுப்பில் திறப்பு இருக்கும் இடம் வரை போய், வேகமாய் வரும் வண்டிகளுக்கு நடுவே கடந்து, அந்தப் பக்கம் திரும்பி வந்து, மறுபடி ஒருமுறை கடக்க வேண்டும். இரண்டு முறை கடப்பதைவிட ஓரமாக எதிரே போய்விடலாம் என்று நினைக்கிறார். மிதிக்கிற மனுஷனுக்கு ஒரு கிலோமீட்டர் என்பது பெட்ரோல் கணக்கு இல்லை, உடம்புக் கணக்கு.

கடப்பதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பக்கத்து இரண்டு தடங்களைக் கடக்கப் பெரியவர் ஒருவருக்கு ஏழெட்டு நொடி ஆகும். அதாவது அவர் கால் வைக்கும்போது கார் 170 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் தப்பிப்பார். பகலிலேயே அத்தனை தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தை யாரும் சரியாக மட்டுக்கட்ட முடியாது. இரவில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் மட்டுமே தெரியும். ஓட்டுநருக்கும் அதே கஷ்டம்தான். எதிரே ஒருவன் ஹை பீம் போட்டுக்கொண்டு வந்தால் நம் பக்கம் ஓரமாகப் போகும், விளக்கில்லாத சைக்கிள் கண்ணில் படவே படாது. பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் 22 மீட்டர் போய்விடும், பிரேக் பிடிப்பது அதற்கப்புறம்தான். அதனால் பின் மட்கார்டில் ஒரு ஒளிர் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சைக்கிள்காரரிடம் கேட்பதில் தப்பில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் "தெரியவில்லை" என்பது வேகத்தைக் குறைக்கக் காரணமே தவிர, இடித்ததற்குச் சாக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டுவதுதான் ஓட்டுநரின் கடமை.

சரி, இடித்தாகிவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவின்படி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். உடனே, அல்லது தாமதமானாலும் 24 மணி நேரத்துக்குள், போலீஸுக்குச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை என்றால் அதைச் சட்டமே ஒரு காரணமாக ஏற்றுக்கொள்கிறது. நம் ஊரில் ஓட்டுநர் ஓடிப்போவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தர்ம அடிப் பயம். யார் மேல் தப்பு என்று பார்க்காமல் பெரிய வண்டிக்காரனை அடிக்கிற பழக்கம் சைக்கிள்காரருக்கு நீதி வாங்கித் தருவதில்லை. அடிக்குப் பயந்து ஓடியவன் அப்புறம் கிடைக்காமலே போனால், நஷ்டம் அடிபட்டவர் குடும்பத்துக்குத்தான். ஏன் என்று பின்னால் வருகிறது.

கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தால் முன்பு இ.பி.கோ. 304ஏ பிரிவு, அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஆனால் இதுவும் ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான், ஓட்டுநர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். 106இன் இரண்டாம் உட்பிரிவு, இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடியவருக்குப் பத்து ஆண்டு வரை தண்டனை என்கிறது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததால், மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றால் அது வெறும் கவனக்குறைவு ஆகாது, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவும் ஆகலாம் என்பதை 2012இல் மும்பை, டெல்லி வழக்குகள் இரண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. அதற்கு அவர் குடித்திருந்ததைக் காட்ட வேண்டும்; சட்டத்தின் வரம்பு ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் மது. ஓட்டுநர் அடுத்த நாள் மத்தியானம் வக்கீலோடு வந்து ஆஜரானால் அதைக் காட்டவே முடியாது.

தண்டனைப் பேச்சு இத்தோடு போதும். ஐந்து ஆண்டா பத்து ஆண்டா என்பதில் நாம் செலவழிக்கிற கோபத்தில் பாதியை முதல் இரண்டு நாளில் எழுதப்படும் காகிதங்கள் மேல் செலவழித்தால் எவ்வளவோ மாறும். பொறுப்பு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதுவது ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு. "எப்படி அடிபட்டது" என்று கேட்கும்போது கூட வந்தவர் சொல்வது அதில் போகும். கூட வந்தவர் சில நேரம் இடித்த வண்டியின் ஆளாகவே இருப்பார். "சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டார்" என்று அதில் ஏறிவிட்டால், ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்தது எஃப்.ஐ.ஆர். அதற்கப்புறம் பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் என்கிற கைவரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. ஸ்கெட்சில் சைக்கிள் எந்த இடத்தில் கிடந்தது என்று ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். ரோட்டின் நடுவில் குறி இருந்தால் "பாருங்கள், நடுவில்தான் வந்திருக்கிறார்" என்பார்கள். இடித்த வேகத்தில் சைக்கிள் எத்தனை அடி தள்ளிப் போய் விழும் என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. யாருடைய கைபேசியிலாவது படம் இருந்தால், பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால், அன்றைக்கே வாங்கிவைக்க வேண்டும். பல கேமராக்களில் பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். பார்த்தவர்கள் சாட்சிக்கு வரத் தயங்குகிறார்கள். உதவி செய்கிறவரைப் பெயர், விலாசம் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு வந்திருக்கிறது. தூக்கிவிடக் கை நீள்வதற்கு அது நல்லது. ஆனால் அவரே விரும்பி ஒரு வாக்குமூலம் கொடுத்தால்தான் "குறுக்கே வந்தார்" என்ற கதைக்கு மறுகதை கிடைக்கும்.

2022 ஏப்ரல் 1 முதல் இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது, வெளியே அதிகம் தெரியவில்லை. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை போலீஸ், விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று சொல்லும் படிவத்தைப் பத்து நாளுக்குள் அவர் கையில் தர வேண்டும். விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதைக் கட்டாயமாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. அடிபட்டவர் வீட்டார் ஸ்டேஷனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அந்தப் படிவம் எங்கே, ஐயா?" என்பதுதான்.

பணத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். சம்பாதிக்கிறவர் போன வீட்டில் அந்தச் சங்கடத்துக்கு இடமில்லை. இழப்பீடு எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 48 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் கூட்ட வேண்டும்: 18,750. ஆண்டுக்கு 2,25,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,68,750. இதை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்பதற்கு அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 13. மொத்தம் 21,93,750 ரூபாய். இறுதிச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை முதலியவை தனி.

இப்போது "குறுக்கே வந்தார்" என்ற பேச்சை இந்தக் கணக்கில் வையுங்கள். சைக்கிள்காரர் பக்கமும் 30 சதவீதம் தப்பு என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தால், 6,58,125 ரூபாய் போய்விடும். ரோட்டோரத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை அது. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிரிமினல் வழக்கில் கேட்கும் அளவுக்குத் தீர்ப்பாயம் ஆதாரம் கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும். கிரிமினல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதனாலேயே விழுந்துவிடாது. தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குச் சென்னை போக வேண்டியதில்லை, 2004 முதல் மேலூர் ரோட்டில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? மேலே போட்ட கணக்கு எதுவும் கிடையாது. அரசுத் திட்டம் ஒன்றில் இறப்புக்கு இரண்டு லட்சம், பலத்த காயத்துக்கு ஐம்பதாயிரம், அவ்வளவுதான். 2022 ஏப்ரலுக்கு முன் அதுவும் 25,000, 12,500 என்று இருந்தது. ஓடிப்போன வண்டியின் நம்பர் தெரிவதும் தெரியாததும் ஒரு குடும்பத்துக்கு இருபது லட்ச ரூபாய் வித்தியாசம். நாடு முழுவதும் 2022இல் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகளில் 30,486 பேர் இறந்தார்கள். அந்த இரண்டு லட்சம் இருப்பதே தெரியாமல் போனவர்கள் ஏராளம். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு போலீஸே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவு வந்தது. உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் கோர்ட்டுக்குப் போனார் என்பதை நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும்.

வண்டி தெரிந்தாலும் ஓட்டியவர் மாறிவிடும் கதையும் உண்டு. ஓட்டியது லைசென்ஸ் இல்லாத மகன், ஸ்டேஷனில் ஆஜராவது லைசென்ஸ் உள்ள சித்தப்பா. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி விபத்து நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு சொல்கிறது. அதற்குப் பயந்தே ஆள் மாற்றுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போடும் முன் கண்ணால் பார்த்த ஒருவர் பேசினால் மட்டுமே இது உடையும். இன்னொரு சிக்கல் இன்சூரன்ஸ். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு, பெரும்பாலும் இருசக்கர வண்டிகளுக்கு, இன்சூரன்ஸே கிடையாது. இடித்தது அப்படி ஒரு பைக் என்றால், உரிமையாளரிடம் இருப்பதைத்தான் பிடுங்க முடியும். அரசுப் பேருந்துகளுக்குத் தனி வழி: இன்சூரன்ஸிலிருந்து விலக்கு உண்டு, போக்குவரத்துக் கழகமே தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸையே ஜப்தி செய்வார். நியாயம் கேட்டு வாங்கிய தீர்ப்பை நிறைவேற்ற, பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பது இரண்டு பக்கத்து ஏழைகளுக்கும் கொடுமை.

"பேசி முடிச்சுக்கலாம்" என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பிக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார். "கேஸு, கோர்ட்டுன்னு எத்தனை வருஷம் அலைவீங்க? ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கிறோம், கையில முப்பதாயிரம் தர்றோம், புகார் வேண்டாம்." சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டுமே என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் தலையாட்டுகின்றன. அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். இழப்பீட்டு மனுவுக்கு இப்போது ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது. பேசி முடிக்கிறவர்கள் இழுத்துக்கொண்டே போவதும் அந்த ஆறு மாதத்தைக் கணக்கில் வைத்துத்தான்.

இவ்வளவிலும் ஒரு ஆள் மட்டும் கூண்டுக்கு வருவதே இல்லை: ரோட்டைப் போட்டவர். நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டி 2023 ஏப்ரலில் திறந்தோம். கோரிப்பாளையத்திலும் மாட்டுத்தாவணி பக்கத்திலும் பாலம் வந்தாகிவிட்டது அல்லது வந்துகொண்டிருக்கிறது. வேகமாய்ப் போகிறவர்களுக்குச் செய்ய வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அதே ஊரில், விளிம்பில் நாலு விரல் இறக்கம் இருப்பதும், ஊருக்கு எதிரே கடக்க வழியே வைக்காததும் யாருடைய தவறாகவும் எழுதப்படுவதில்லை. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 2019இல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கிற அதிகாரியோ ஒப்பந்ததாரரோ விதித்த தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தச் சாலையை எந்த வகைப் போக்குவரத்து பயன்படுத்தும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ அதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. சிந்தாமணியிலும் துவரிமானிலும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையும் இருக்கிற மனுஷர் சைக்கிளில் வருவார் என்பதை எதிர்பார்க்க முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. இப்போது ஒவ்வொரு விபத்தும் கணினியில் ஏற்றப்படும்போது, போலீஸும் போக்குவரத்துத் துறையும் எழுதுவதோடு, சாலையின் நிலையைப் பற்றி நெடுஞ்சாலைத் துறை எழுதவும் தனிப் பகுதி உண்டு. அதில் என்ன எழுதினார்கள், எழுதினார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்.